விமானக் கதவு மூடிய பிறகு: பதற்றத்தோடு பயணம் செய்பவருக்கு ஒரு பதில்

கேட்டவர் சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் இருக்கிறார், வயது 34. போன தீபாவளிக்குத் திருச்சி புறப்பட்டபோது விமானக் கதவை மூடிய நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, 'இதோ போகிறேன்' என்றே நினைத்துவிட்டாராம். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். எல்லாமே நார்மல். அப்புறம் அதே படபடப்பு எம்ஆர்டி ரயிலிலும் வர ஆரம்பித்து, இப்போது வேலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போகிறார். இந்த வருஷம் கணவர், ஆறு வயது மகன், மாமியாரோடு மறுபடி திருச்சி. "நாலு மணி நேரமும் அமைதியாக, சௌகரியமாக இருக்க வழி சொல்லுங்கள். மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இங்கே பல வருஷமாக மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நாலு மணி நேரமும் அமைதியாக இருக்க வழி என்னிடம் இல்லை. அந்த ஆசையையே கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றுதான் சொல்வேன். என்னிடம் வருகிறவர்கள் படும் பாட்டில் பாதி பதற்றத்தால் வருவது. மீதிப் பாதி, பதற்றம் வந்துவிடக் கூடாதே என்று ராத்திரி பகலாகக் காவல் காப்பதால் வருவது. தூக்கம் வரணும் வரணும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்தால் தூக்கம் வருமா? அதே கதைதான். 'படபடப்பு வந்தாலும் போய்ச் சேருவேன்' என்பது போதும். அமைதி சில சமயம் தானாகப் பின்னால் வரும், சில சமயம் வராது. வராத அன்றும் விமானம் திருச்சியில்தான் இறங்கும்.

அன்று உங்கள் உடம்பில் நடந்ததைப் பார்ப்போம். கதவு மூடியதை மூளை 'மாட்டிக்கொண்டோம்' என்று எடுத்துக்கொண்டது. அட்ரினலின் சுரந்தது, இதயம் வேகமெடுத்தது, மூச்சும் கூடவே ஓடியது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவது, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது, தலை கிறுகிறுப்பது, நெஞ்சு இறுகுவது எல்லாம் அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், மூச்சு பற்றாதது போலத் தோன்றும் அந்த நேரத்தில் நீங்கள் அளவுக்கு அதிகமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த பேனிக் அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், 20, 30 நிமிடத்தில் தணிந்துவிடும். அதே உச்சத்தில் நாலு மணி நேரம் நிற்க உடம்பால் முடியாது. மயங்கி விழுந்துவிடுவேனோ என்பது இன்னொரு பெரிய பயம். மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வரும். பேனிக் நேரத்தில் அது ஏறுகிறது. ஊசியையும் ரத்தத்தையும் பார்த்து மயங்குகிறவர்கள் வேறு ரகம்.

'உள்ளே காற்றே இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். பெரிய பயணி விமானங்களில் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முழுசாக மாறுகிறது. நம் புளோக் மின்தூக்கியில் அந்த வசதி இல்லை, அதில் ஏறத்தானே செய்கிறோம். உயரப் பறக்கும்போது உள்ளே அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்பட்டிருக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. கொடைக்கானலில் நாலு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஏரிதான் இல்லை.

மூச்சுப் பயிற்சி எல்லாரும் சொல்வது, ஆனால் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது. 'ஆழமாக மூச்சு இழு' என்றதும் நெஞ்சு புடைக்க இழுக்கிறார்கள்; ஏற்கெனவே அதிகமாக விடும் மூச்சு இன்னும் அதிகமாகிறது. முதலில் வெளியே விடுங்கள். சூடான சாயாவை ஊதுவது போல உதட்டைக் குவித்து, மனசுக்குள் ஆறு எண்ணும்வரை மெதுவாக. பிறகு மூக்கால் சாதாரணமாக நாலு எண்ணி உள்ளே. தோள் ஏறக் கூடாது, வயிறு அசைந்தால் போதும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். பதற்றம் போகிறதா என்று நடுவில் சோதித்துப் பார்க்காதீர்கள், சோதித்தால் அது மறுபடி காவல் வேலையாகிவிடும். இதை வீட்டில், படபடப்பு இல்லாத நேரத்தில் இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும். வெள்ளத்தில் இறங்கிய பிறகு நீச்சல் கற்க முடியாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பத்து வருஷம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பிறகு எனக்கே நடந்தது. ஒரு நீண்ட வாரயிறுதி, மலேசியப் பக்கம் ஜோகூருக்குப் பேருந்தில் போகிறேன். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி தாண்டிக் கடற்பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சமே தாண்டும் பாலம், ஆனால் 40 நிமிடம் டயர் உருளவில்லை. இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. நின்றுகொண்டிருந்தவர்களின் முதுகுப்பை என் முகத்தில். முதலில் கழுத்தில் வேர்த்தது, அப்புறம் கை நடுங்கியது, அப்புறம் எழுந்து கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓட்டுநரிடம் போய்க் கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்து, "தாக் போலே" என்று தலையை ஆட்டினார், மலாயில் 'முடியாது' என்று அர்த்தம். பக்கத்து சீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, ரகசியமாக, "என்னம்மா, மசக்கையா?" என்று கேட்டார். எனக்கு அப்போது 46 வயது. பதிலுக்குக் காத்திருக்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோடாலித் தைலத்தைத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

அந்தத் தைல வாசனை கண்ணில் நீரை வரவழைத்தது, பாட்டியின் மசக்கைக் கேள்வி சிரிப்பை வரவழைத்தது, படபடப்பு அது பாட்டுக்கு ஏறி அது பாட்டுக்கு இறங்கியது. கதவு கடைசிவரை திறக்கவில்லை. ஓட்டுநர் அன்று திறந்திருந்தால் 'திறந்ததால்தான் பிழைத்தேன்' என்று என் மூளை எழுதி வைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் நான் கடற்பாலம் பக்கமே போயிருக்க மாட்டேன். உங்களுக்கு எம்ஆர்டியில் நடந்தது அதுதான். அடுத்த நிலையத்தில் பாய்ந்து இறங்கினீர்கள், உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைப் பெரிதாக்கியது.

இனி வசதிகளுக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் சௌகரியத்தையும் கேட்டிருக்கிறீர்கள். வசதி வேறு, ஊன்றுகோல் வேறு. எது எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: 'அது இல்லாவிட்டாலும் போவேனா?' நடைபாதை ஓரச் சீட்டு கிடைக்கவில்லை, எரிச்சல்தான், ஆனாலும் போவேன் என்றால் அது வசதி. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் பக்கத்தில் இல்லாவிட்டால், கையில் தண்ணீர் போத்தல் இல்லாவிட்டால், ரயிலில் கதவுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடிக்க முடியாவிட்டால் ஏறவே மாட்டேன் என்றால் அது ஊன்றுகோல். ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றாக விட்டுப் பழக வேண்டும். இந்தக் காலத்து ஊன்றுகோல்களில் மோசமானது கைக்கடிகாரம். இதயத் துடிப்பு 112 என்று அது காட்டியதும் 120 ஆகிறது, 120 என்று பார்த்ததும் 130. பயணத்தன்று அந்தத் திரையை அணைத்து வையுங்கள். கழற்றி வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

பயிற்சிக்கு உங்கள் வீட்டுக்கு அடியிலேயே நல்ல இடம் இருக்கிறது. வடகிழக்கு ரயில் பாதை முழுக்க நிலத்தடி, 2003இல் திறந்த நாள் முதல் ஓட்டுநர் கிடையாது. மூடிய கதவு, இருட்டுச் சுரங்கம், 'யாரிடம் சொல்வது' என்ற பயம், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முதல் வாரம் காலை பத்தரைக்கு, கூட்டம் வடிந்த பிறகு, செங்காங்கிலிருந்து புவாங்கோக். ஒரே நிலையம், இரண்டு மூன்று நிமிடம். இறங்கி, எதிர்த்திசையில் திரும்புங்கள். ஒரே நாளில் நாலைந்து தடவை போய் வாருங்கள். சலிப்பு வரவேண்டும், சலிப்புதான் மருந்து. அடுத்து ஹவ்காங், அப்புறம் சிராங்கூன், அப்புறம் லிட்டில் இந்தியா வரை. அங்கே தேக்கா சந்தையில் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு வாருங்கள், போனதற்கு ஒரு காரணமும் இருக்கும். பிறகு அதே பயணத்தைக் காலை எட்டு மணிக் கூட்டத்தில், நடுப்பெட்டியில், கதவிலிருந்து தள்ளி நின்று.

ஏறுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: 'மயங்கி விழுவேன், நிச்சயம் 90 சதவீதம்.' இறங்கியதும் என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். பத்துத் தாள் சேர்ந்த பிறகு எடுத்துப் பாருங்கள். நடுவில் படபடப்பு வந்தால் இறங்காமல் உட்காருங்கள். இறங்கியே விட்டீர்களா? சரி, நடைமேடையில் மூச்சு சீராகும்வரை இருந்து அடுத்த ரயிலில் ஏறுங்கள். வீட்டுக்குத் திரும்புவதுதான் கூடாது.

இணையத்தில் எல்லாரும் 'ஒரு வாய் தண்ணீர் குடி, புளிப்பு மிட்டாய் சப்பு' என்பார்கள். நம் ரயிலில் அது நடக்காது. தண்ணீருக்கும் மிட்டாய்க்கும் சேர்த்துத்தான் 500 வெள்ளி வரை அபராதம். தைலத்துக்குத் தடை இல்லை, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். நிற்க முடியாத அளவுக்குக் கால் தளர்கிறது என்றால், வெளியே தெரியாத உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்காக 'எனக்கு இருக்கை தேவை' என்கிற மாதிரியான ஒட்டுவில்லையை எம்ஆர்டி நிலையப் பயணிச் சேவை நிலையத்தில் கேட்டு வாங்கலாம்.

ரயில் பழகியதும், டிக்கெட் இல்லாமல் ஒருநாள் சாங்கி விமான நிலையத்துக்குப் போங்கள். சிராங்கூனில் வட்டப்பாதைக்கு மாறி, பாய லேபார், தானா மேரா வழியாக. பையனுக்கு அங்கே ஜுவல் கடைத்தொகுதியில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைக் காட்டுங்கள், புறப்பாட்டுப் பலகைக்குக் கீழே அரை மணி நேரம் உட்காருங்கள், திரும்புங்கள். விமான நிலையம் என்றாலே வயிறு புரளுவது அதில் பாதி போய்விடும்.

பயணத்தன்று கவனிக்க வேண்டிய சில சில்லறை விஷயங்கள் உண்டு, சில்லறை என்றாலும் பலரைக் கவிழ்த்திருக்கின்றன. நம் காப்பிக் கடைக் காப்பி பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையில் போடுவது, அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கெஃபீன். விடியற்காலை விமானத்துக்கு முன் பாலும் சீனியும் இல்லாத ஒரு காப்பி ஓ கோசோங் அடித்துவிட்டு 'ஏன் நெஞ்சு அடிக்கிறது' என்று கேட்காதீர்கள். அதற்காகத் தினமும் மூன்று குடிக்கிறவர் அன்று அடியோடு நிறுத்தினால் தலைவலி வரும். பாதியாகக் குறைத்தால் போதும். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை வாயிலுக்குப் பக்கத்தில்தான். உள்ளே போய்விட்டால் பல வாயில் அறைகளில் கழிப்பறை கிடையாது. பதற்றத்தில் வயிறு கலங்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், முன்னாடியே போய்விட்டு வாருங்கள். தண்ணீர் போத்தலைக் காலி செய்துதான் உள்ளே விடுவார்கள். கோடாலித் தைலம் 100 மில்லிக்குள்தான் இருக்கும், கையோடு வரலாம்.

இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகளில் ஆட்டம் ஓரளவு குறைவு, வால் பக்கம் அதிகம். ஏறும்போது பணிப்பெண்ணிடம், 'எனக்குக் கொஞ்சம் படபடப்பு வரும், வந்தால் தானே போய்விடும்' என்று ஒரு வரி சொல்லி வையுங்கள். மறைக்கப் பாடுபடுவதில் போகும் சக்தி மிச்சம்.

அப்புறம் சத்தங்கள். ஏறியதும் காலடியில் 'டொம்' என்று ஒன்று கேட்கும். சக்கரம் உள்ளே மடிகிறது. எழும்பி ஒன்றிரண்டு நிமிடத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று குறைந்து, விமானம் கீழே போவது போல வயிற்றில் ஒரு பள்ளம் விழும். என்னிடம் வருகிற பலர் பயந்து உறைவது அந்த நொடியில்தான். எழும்புவதற்குக் கொடுத்த எஞ்சின் விசையை விமானி குறைக்கிறார். விமானம் அப்போதும் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறது. காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு, ஏறும் வேகம் குறைவதை இறங்குவதாகத் தப்பாகச் சொல்கிறது.

வங்காள விரிகுடாவுக்கு மேலே, தீபாவளி சமயத்தில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் இருக்கும். ஆடும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ321 மியன்மாருக்கு மேலே சிக்கியதும், ஒருவர் இறந்ததும், பாங்காக்கில் இறங்கியதும் இங்கே எல்லார் மனத்திலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் 'ஒண்ணும் ஆகாது' என்றால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். ஐந்து நொடிக்குள் 178 அடி இறங்கியது, பெல்ட் போடாமல் இருந்தவர்கள் மேலே தூக்கி வீசப்பட்டார்கள் என்பதுதான் விசாரணையின் முதல் அறிக்கை சொன்னது. பொதுவான ஆட்டத்தில் விமானம் நமக்குத் தோன்றுவதைவிட மிகக் கொஞ்சமே மேலும் கீழும் போகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டை இடுப்பில் போட்டே வைத்திருங்கள், பையனுக்கும் மாமியாருக்கும் சேர்த்து. அதைச் செய்தாயிற்றா? உங்கள் பங்கு முடிந்தது. இறுக்கிப் பிடித்த கைப்பிடியை விட்டுவிடலாம், விமானத்தைத் தாங்குவது நீங்கள் இல்லை.

கூட வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஓகேவா?" என்று கேட்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். பாசத்தில்தான் கேட்பார், ஆனால் ஒவ்வொரு கேள்வியும் உங்களை மறுபடி நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வைக்கும். 'வந்திருக்கா? சரி, வந்துட்டுப் போகட்டும்' என்று ஒரே வாக்கியம் போதும். மாமியாரிடம் விளக்கவுரை தேவையில்லை. மகனிடம், "அம்மாவுக்கு விமானம் ஏறினால் நெஞ்சு வேகமா அடிக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாயிடும்" என்று சொன்னால் போதும். குழந்தைகள் நாம் நினைப்பதைவிட எளிதாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்றையும் கேட்டு வைக்கிறேன், பதில் எனக்குச் சொல்ல வேண்டாம்: பயம் விமானத்தைப் பற்றித்தானா, இறங்கிய பிறகு காத்திருக்கும் சொந்தபந்தத்தைப் பற்றியுமா? சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

மாத்திரை. அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை சீக்கிரம் வேலை செய்யும், அதனால்தான் கவனம் தேவை. பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் ஆபத்து, இன்னொன்று 'மாத்திரையால்தான் தப்பித்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். ரயிலில் பட்ட பாடெல்லாம் வீண். புரொப்ரனலால் நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது. தினமும் சாப்பிடும் மனப்பதற்ற மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆகவே கேட்பதென்றால் இப்போதே பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள், பெட்டி கட்டும் வாரத்தில் வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். தோழி கொடுத்த மாத்திரை வேண்டவே வேண்டாம். எதுவானாலும் முதல் தடவை விமானத்தில் போட்டுப் பார்க்கக் கூடாது. ஊரில் மருந்துக் கடையில் வாங்கி வரும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம்: சில தூக்க, பதற்ற மாத்திரைகளைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டும் அசல் அட்டையும் கைப்பையில் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டை விட்டு வெளியே போவதே குறைந்துகொண்டு வருகிறது என்றால், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 1771 எந்நேரமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் 1767. இதுவரை வராத மாதிரி நெஞ்சு வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நிஜமாகவே நினைவு தப்புவது இருந்தால் இந்தப் பதிலையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு 995ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, திரும்பி வரும் பயணம். போவதற்கு எல்லாரும் மூன்று மாதம் தயாராகிறார்கள், வருவதற்கு யாரும் தயாராவதில்லை. ஊரில் பத்து நாள் தூக்கம் கெட்டு, தீபாவளிப் பலகாரத்தில் வயிறு கெட்டு, அழுகையோடு விடைபெற்று ஏறுவது அந்த விமானத்தில்தான். திருச்சியில் புது முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது, இடம் விசாலம், அங்கேயும் ஒரு மணி நேரம் முன்கூட்டியே போய் உட்காருங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கும் ஓரச் சீட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள். நடுச் சீட்டு உங்கள் கணவருக்கு.